வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

ஜூலை 8

மூன்று மாத சர்க்கரை 10.4 என்று வந்திருக்கிறது. தாள் மாறிவிட்டதோ என்று மேலே இருந்த பெயரை மறுபடி படித்தேன். பவுன்ராஜ், வயது 51. என் வீட்டுக்காரருடையதேதான். போன தடவை 8.9.

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். “ரெண்டு மாத்திரையையும் கூட்டியாச்சும்மா. இதுக்கு மேல இன்சுலின்தான். சார் வாயக் கட்டுறாரான்னு நீங்கதான் பாக்கணும். ஒரு நோட்டு போட்டு, சாப்பிடுறது, சர்க்கரை, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க.”

இவர் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பத்தொன்பது வருடமாக அரசு பஸ் ஓட்டுகிறார். நவம்பரில் டெப்போவில் மருத்துவச் சோதனை. சர்க்கரை இப்படியே நின்றால் மலை ரூட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். மலை ரூட் கையைவிட்டுப் போனால் இவர் பாதி ஆளாகிவிடுவார்.

நான் சத்துணவு அமைப்பாளர். எண்பத்து நான்கு பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் கிராம் பிசகாமல் அளந்து போடுகிறேன். ஒரே ஒரு ஆளுக்கு அளக்க முடியாதா?

ஜூலை 9

காலை 5: வயிற்று மாத்திரை, வெந்நீர். 5.30: வெறும் வயிற்றில் சர்க்கரை 228. 6: சீனி இல்லாத காபி. 7: கோதுமை ரவை உப்புமா, ஒரு கரண்டி. பிறகு சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. மதியத்துக்கு டிபன் கேரியரில் இரண்டு சப்பாத்தி, சுரைக்காய்க் கூட்டு. இரவு இரண்டு இட்லி.

வேர்க்கடலையை நிறுத்திவிட்டேன். டூட்டி முடிந்து வரும்போது அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்குவது இவர் பழக்கம். கொழுப்பு என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். பயறும் வேண்டாம் என்றார்கள். கீரை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பார், அதுவும் இல்லை.

ஜூலை 13

221. 234. 219. 230. நான்கு நாள் கணக்கு. அளந்துதான் போடுகிறேன். எப்படி இறங்காமல் இருக்கும்?

ஜூலை 21

இன்று துவைக்கப் போட்ட காக்கிச் சட்டைப் பையில் ஒரு மிட்டாய்த் தாள் இருந்தது. புதினா மிட்டாய். கேட்டேன்.

“மேல போகப் போகக் காது அடைக்குமில்ல, பாசஞ்சர் ஒருத்தர் கொடுத்தாரு. முகைதீன்கிட்டக் கொடுத்துட்டேன். தாளு எப்படி என் பையில வந்துச்சுன்னு எனக்கே தெரியல.”

முகைதீன் இவருடைய கண்டக்டர்.

“மிட்டாய் அவருக்கு, தாளு மட்டும் உங்களுக்கா?”

“ஜெயா, நான் என்னத்தையும் திங்கல. எத்தனை தடவ சொல்றது?”

அப்புறம் வெகுநேரம் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிடித்து இழுக்கிறதாம். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் கால் இழுக்கிறது.

என் அம்மாவுக்கு இதே சர்க்கரையில் கால் எடுத்தார்கள். அப்போதும் ‘நான் ஒன்னும் திங்கலடி’ என்றுதான் சொல்வாள். அவள் போன மூன்றாம் நாள் தலையணை உறையை உருவினேன். உள்ளே லட்டுத் துண்டுகள், எறும்போடு. சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். டாக்டர் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டியதில்லை. கொண்டுபோகுமுன் அடித்துவிட வேண்டும்.

ஜூலை 30

சந்தையில் முகைதீனைப் பார்த்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

“அல்லா மேல சத்தியமாச் சொல்றேன் அண்ணி, அண்ணன் டீ கூட சீனி இல்லாமத்தான் குடிக்கிறாரு. நீங்க கட்டிக் கொடுக்கிற சப்பாத்தியத் தவிர வேற எதையும் தொடுறதில்ல. ஆனா ஒன்னு. ஆளு முன்ன மாதிரி இல்ல. கை நடுங்குது. ரெண்டு தடவ சாவி போட முடியாம எங்கிட்டக் கொடுத்தாரு. நெஞ்சு படபடங்குதுங்கிறாரு. நல்ல டாக்டராப் பாருங்க.”

பத்து வருடக் கூட்டாளி. வேறெப்படிப் பேசுவார்?

ஆகஸ்ட் 3

241. இரவு அவர் சட்டை, பேன்ட், பை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் எங்கோ கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 6

என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சத்துணவு மையத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இவர் ஓட்டும் 9.40 பஸ்ஸில் ஏறினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்படியில் ஏறி, கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டம் இருந்தது. முகைதீன் டிக்கெட் கொடுக்க வந்தபோது தலையைக் குனிந்தபடியே நீட்டினேன். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

பாதி மலையில் டீக்கடையில் நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே பார்த்தேன். கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய பன்னும் பால்கோவாவும். இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. டீ வாங்கினார். தம்ளர் நடுங்கிப் பாதி தரையில் சிந்தியது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வலது காலைத் தரையில் ஓங்கி ஓங்கி உதைத்தார். எனக்கு நேர் கீழே. முகம் சுளித்திருந்தது. நான் வந்திருப்பது தெரிந்துதான் இப்படிச் செய்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு திரும்பியது, பிறகு நின்றது. முன்னாலிருந்து “ஆ” என்று ஒரு சத்தம். அது இவர் குரல். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

கடைசி சீட்டுக்காரர்களுக்குத்தான் அது தெரியும். பின்கண்ணாடியில் ரோடு இல்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. என் பக்கத்திலிருந்த பெண் கத்தவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு உஸ்ஸென்று காற்றுச் சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முகைதீன் குதித்து ஓடி டயருக்குக் கீழே கல்லைப் போட்டார். இறங்கிப் பார்த்தபோது பின்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே என் இரண்டு சாண் இடம் இருந்தது.

இவரைக் கைத்தாங்கலாக இறக்கிச் சுவரில் உட்கார வைத்தார்கள். வலது கால் விறைத்து, விரல்கள் உள்ளே மடங்கி இருந்தன. அந்தக் காலால் பிரேக்கை மிதிக்க முடியாமல் கை பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறார். ஆட்கள் சுற்றி நின்று திட்டினார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், “குடிச்சிட்டு வண்டி எடுத்தியா? ஊதுய்யா, வாய ஊது” என்றார்.

“குடிக்கிற பழக்கம் இல்லீங்க. காலு இழுத்துக்கிருச்சு.”

“ஊதுன்னா ஊது.”

இவர் எழுந்து நிற்க முடியாமல், உட்கார்ந்த வாக்கிலேயே, சின்னப் பிள்ளை மாதிரி அந்த ஆளின் முகத்தில் ஊதினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பஸ்ஸின் பின்புறம், பத்தடி தூரத்தில் நின்றேன்.

கீழே இறங்கி வந்த வேறொரு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

நேற்று இரவு எட்டு மணிக்கு வந்தார். “இன்னைக்கு வண்டி எப்படி?” என்று கேட்டேன். “எப்பவும் போலத்தான்” என்றார். இட்லி இரண்டு. 236.

பாருங்கள், பொய் சொல்கிறார்.

ஆகஸ்ட் 11

கோவையில் வேலை பார்க்கும் மகள் சுகந்தி போன் செய்தாள். “அம்மா, அப்பா குரலே சரியில்ல. நீ அவர விசாரணைக் கைதி மாதிரி நடத்தாத” என்றாள். ஒரு தாய் தன் குடும்பத்துக்காகச் செய்வது யாருக்கும் புரிவதில்லை.

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு எரிகிறதாம். வயிற்று மாத்திரையைக் காலையும் இரவுமாக இரண்டாக்கினேன். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 15

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குத் தந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வழியிலேயே தின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 18

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு எப்படி என் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை 249. மெஷினை அவர் முகத்துக்கு நேரே காட்டி, “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கண் மேலே செருகியது. நாற்காலியோடு சாய்ந்து, கை கால் எல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் மெஷினைக் கையில் பிடித்தபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டு வந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருக்கிறார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ஒன்றுமில்லையாம். சுகந்தி வந்துகொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 19

இங்கே பார்ப்பவர் டாக்டர் ஹெப்சிபா. நாற்பது வயது இருக்கும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார்.

“ரத்தத்துல மெக்னீசியம்னு ஒரு சத்து இருக்கும்மா. சாதாரணமா ஒன்னே முக்காலுக்கு மேல இருக்கணும். இவருக்கு 0.6. அதனாலதான் வலிப்பு. கால் இழுக்கிறது, கை நடுங்குறது, நெஞ்சு படபடப்பு, எல்லாம் அதனாலதான். கால்சியமும் கூடவே இறங்கியிருக்கு. இப்ப டிரிப்ல ஏத்துறோம். இவருக்குக் கால் இழுத்துச்சா முன்னாடி?”

“இழுத்துச்சு.”

“எவ்வளவு நாளா?”

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வீட்டுல சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க” என்றார் டாக்டர். மாத்திரை டப்பாவைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். சர்க்கரை மாத்திரை இரண்டு. பிரஷர் மாத்திரையைப் பார்த்து, “இதுல நீர் பிரியிற மருந்தும் சேர்ந்திருக்கு” என்று தனியே வைத்தார். பிறகு வயிற்று மாத்திரை அட்டையை எடுத்தார்.

“இந்த கேஸ் மாத்திரை எத்தனை நாளா?”

“ஏழு வருஷமா.”

“தினமுமா?”

“தினமும். காலைல வெறும் வயித்துல. இப்ப ஒரு வாரமா ரெண்டு வேளை.”

“யாரு எழுதிக் கொடுத்தது?”

ஏழு வருடத்துக்கு முன்னால் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு டாக்டர் பதினைந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தது. பிறகு நான்தான் வாங்கினேன். சர்க்கரை டாக்டரிடம் இதைப் பற்றிச் சொன்னதே இல்லை. அது மருந்து என்றே நான் நினைக்கவில்லை. காபித்தூள் மாதிரி மாதாமாதம் வாங்குகிற சாமான்.

“இத வருஷக்கணக்கா எடுத்தா சில பேருக்குக் குடல் மெக்னீசியத்த உள்ள வாங்காமப் போயிடும். நீர் மாத்திரை இருக்கிறத வெளியேத்தும். சர்க்கரை கூடினாலும் மூத்திரத்துல அது போகும். அது குறையக் குறைய இன்சுலின் சரியா வேலை செய்யாது, சர்க்கரை இன்னும் ஏறும். ஒன்ன ஒன்னு பிடிச்சு இழுத்துக்கிட்டே போகும்.”

“அப்ப இவர் ஒன்னும் திங்கலையா டாக்டர்?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது. சுகந்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். நல்லவேளை, முதல் இரண்டு பக்கம் மட்டும். “கடலை இல்ல, பயறு இல்ல, கீரை இல்ல. இந்தச் சத்து இருக்கிறதே அதுலதாம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஏழு வருடம். தினமும் காலை ஐந்து மணிக்கு, அவர் ஒரு வார்த்தை பேசுமுன், என் கையால்.

ஆகஸ்ட் 20

மெக்னீசியம் 1.1. சரியாகக் கண் விழித்தார். சுகந்தியிடம் பேசினார். என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்றார்.

ஆகஸ்ட் 24

வீட்டுக்கு வந்துவிட்டோம். மெக்னீசியம் 1.8. அந்த மாத்திரையை நிறுத்தி வயிற்றுக்கு வேறு வகை கொடுத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையும் மாறிவிட்டது. மெக்னீசியம் மாத்திரை இரண்டு மாதம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே அதை எழுதினார்கள். “யாருக்கும் இத நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. எல்லாருக்கும் இது குறைஞ்சிருக்காது” என்று என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார் டாக்டர்.

மருந்துக்கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று ஆத்திரம். போனேன். கடைக்காரர் பழக்கத்தில் அந்த அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, “ரெண்டு அட்டையாக்கா?” என்றார். கேட்டது நான். கேட்டதைக் கொடுத்தது அவர். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10

194. போன வாரம் 205. மருந்து கூட்டவே இல்லை. கால் இழுக்கவில்லை. டாக்டர் ஹெப்சிபாவுக்குப் போன் செய்து எண்களைச் சொன்னேன். “நல்லா இறங்குது. ஆனா மெக்னீசியம் ஒன்னே சர்க்கரையக் கொண்டு வந்துடாதும்மா. நடக்கச் சொல்லுங்க, சாப்பாடும் சரியா இருக்கட்டும்” என்றார்.

டெப்போவிலிருந்து ஓலை வந்தது. வலிப்பு வந்தவர் என்பதால் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. மறு உத்தரவு வரும்வரை டெப்போவுக்குள் டயர் பிரிவில் வேலை. இவர் தாளை இரண்டு தடவை படித்து மடித்து வைத்தார். “சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார். அப்புறம் குளிக்கப் போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும் இல்லை.

செப்டம்பர் 29

ஞாயிறு. அவர் முற்றத்தில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் கீரை ஆய்வது அவர் வேலை. சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

“வண்டி பின்னால உருண்டுச்சே, அன்னைக்கு அந்த பஸ்ல நான் இருந்தேன்.”

அவர் நிமிரவில்லை. வேவு பார்க்கவா வந்தாய் என்று கேட்பார் என்றிருந்தேன்.

“எந்த சீட்டு?”

“கடைசி சீட்டு. ஜன்னலோரம்.”

“பள்ளத்துப் பக்கமா?”

“ஆமா.”

கையிலிருந்த தண்டைக் கீழே போட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை. “உன்னைய ஏத்திக்கிட்டா நான் உருண்டேன்” என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். எத்தனை பேரை வைத்துக்கொண்டு உருண்டோம் என்று இரண்டு மாதமாகத் தூக்கமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாராம். நாற்பத்தெட்டுப் பேர் என்று முகைதீன் சொன்னாராம். அதில் ஒன்று நான் என்பது இவர் கணக்கில் இல்லை.

“நீங்க தின்னுட்டுப் பொய் சொல்றீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன். அந்தாளு வாய ஊதச் சொன்னப்ப பின்னாலதான் நின்னேன். வரல.”

நான் எழுந்து போகவில்லை.

“வந்திருக்கலாம், ஜெயா” என்றார்.

அவ்வளவுதான். கீரையை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தார்.

செப்டம்பர் 30

171. பேசவில்லை.

அக்டோபர் 2

168. சாப்பிடும்போது, “உப்புக் கொஞ்சம் கம்மி” என்றார். மூன்று நாளில் இதுதான் முதல் பேச்சு. எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 17

152. டயர் பிரிவில் ஒரு டயரை உருட்டிப் பார்த்தே எந்த வண்டியின் டிரைவர் பிரேக்கை அதிகம் மிதிக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுகிறாராம். இரவு அதைப் பற்றியே பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21

மூன்று மாத சர்க்கரை 7.7. தாளை நான் வாங்கவில்லை, அவரே வாங்கினார். டாக்டர் ஹெப்சிபா ரொம்பப் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. “இன்னும் ஒரு மூணு மாசம் இப்படியே போகட்டும், பாப்போம்” என்றார். வண்டி ஓட்டலாமா என்று இவர் கேட்டார். “ஒரு வருஷம் போகட்டும் சார். இப்ப என்னால சொல்ல முடியாது” என்றார். தலையாட்டிக்கொண்டார்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட் கிடைத்தது. ஓட்டியது ஒரு சின்னப் பையன், புதுசாக வேலைக்கு வந்தவன். செம்பட்டி தாண்டி ஒரு லாரி குறுக்கே வந்தது. சட்டென்று பக்கத்தில் இவர் வலது கால் விறைப்பாக நீண்டு தரையை அழுத்தியது. இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பிடித்தேன்.

“காலு இழுக்குதா? சொல்லுங்க, இழுக்குதா?”

“இல்ல.”

“பின்ன என்ன?”

“பிரேக் மிதிக்கிறேன்” என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

கையை எடுத்துக்கொண்டேன். வத்தலக்குண்டு வரும்வரை இன்னும் நான்கைந்து தடவை மிதித்தார். நான் அப்புறம் கேட்கவில்லை.